கவலை முதல் மிஸ்டு கால் வரை



போன ஞாயிற்றுக்கிழமை பழைய மாணவன் ஒருவன் வீட்டுக்கு வந்திருந்தான். சரவணம்பட்டியில் ஒரு ஐடி கம்பெனியில் வேலை. "என்னப்பா வேலை பார்க்கறே?" என்று கேட்டேன். "எங்கெங்கயோ இருக்கிற மெஷின்ல இருந்து தகவல் வருமுங்க சார். வந்தா மட்டும் எங்க புரோகிராம் முழிச்சு வேலை செய்யும். மத்த நேரமெல்லாம் தூங்கும். ஈவென்ட் டிரிவன்னு சொல்லுவாங்க" என்றான். வரலாற்று வாத்தியாருக்கு இது எங்கே புரியப்போகிறது என்று நினைத்தானோ என்னவோ, தயங்கித் தயங்கித்தான் சொன்னான்.

"இதைத்தானப்பா எங்க ஐயன் ஒரு குண்டு பல்பை வெச்சுச் செஞ்சாரு" என்றேன். சிரித்தான். நான் விளையாட்டுக்குச் சொல்லவில்லை. அவனிடம் சொன்னதையும், அன்று சொல்ல விட்டுப்போனதையும் சேர்த்து இங்கே எழுதுகிறேன். கொஞ்சம் நீளம்தான். பொறுமையாகப் படியுங்கள்.

முதலில் ஒரு சின்ன விஷயம். வகுப்பில் கணக்குப் போடச் சொல்லிவிட்டு, வாத்தியார் இரண்டு விதமாக இருக்கலாம். பெஞ்சு பெஞ்சாகப் போய் "முடிச்சிட்டயா, முடிச்சிட்டயா" என்று கேட்டுக்கொண்டே இருக்கலாம். அல்லது "முடிச்சவங்க கை தூக்குங்க" என்று சொல்லிவிட்டு நாற்காலியில் உட்காரலாம். முதல் வழியில் வாத்தியாருக்குக் கால் வலி, பெரும்பாலான நேரம் "இன்னும் இல்லைங்க சார்" என்ற பதில். இரண்டாவது வழியில் கை உயரும்போது மட்டும் வேலை. கம்ப்யூட்டர்காரர்கள் முதல் வழியைப் 'போலிங்' என்கிறார்கள். இரண்டாவதுதான் ஈவென்ட். நம் கொங்கு நாட்டில் தண்ணீருக்கும் நூலுக்கும் நடந்த பாட்டைத் திரும்பிப் பார்த்தால், முதல் வழியிலிருந்து இரண்டாவது வழிக்கு வந்த கதைதான் அது.

எங்கள் அப்பாரு காலத்தில் கவலை. இந்தச் சொல்லைக் கேட்டால் இன்றைய பிள்ளைகளுக்கு மனக்கவலைதான் ஞாபகம் வரும். கிணற்று மேட்டிலிருந்து சரிவாக இறங்கும் வாரியில் இரண்டு மாடுகள் வடத்தை இழுத்துக்கொண்டு இறங்கும். இரும்புச் சால் தண்ணீரோடு மேலே வரும். சாலின் அடியில் தோலால் ஆன தும்பி. வரும் வழியெல்லாம் தும்பியின் வாய் வால்கயிற்றால் மேலே மடங்கியிருக்கும். சால் உச்சிக்கு வந்ததும் தும்பி தொட்டிக்குள் நீண்டு விழும், தண்ணீர் தானே கொட்டும். ஓட்டுகிறவர் திரும்பிப் பார்க்க வேண்டியதே இல்லை. கொட்டுகிற சத்தம் கேட்டால் மாட்டைத் திருப்பலாம். சால் உச்சிக்கு வந்தது ஒரு நிகழ்வு, அதற்குத் தும்பி தானாகவே செய்தது ஒரு வேலை. கம்பி இல்லை, கரண்டு இல்லை. ஆனால் ஏற்பாடு அதேதான்.

1930களின் தொடக்கத்தில் பைக்காரா நீர்மின்சாரம் மலையிறங்கிக் கோவைக்கு வந்தது. மில்கள் பெருகின. 1937-ல் ஜி.டி. நாயுடு, டி. பாலசுந்தரம் ஆகியோர் முயற்சியில் இந்தியாவிலேயே தயாரான மோட்டார் கோவையில் உருவானது. அதற்குப் பின் பீளமேடும் கணபதியும் பம்பு, மோட்டார் பட்டறைகளால் நிறைந்தன. கிணற்று மேட்டில் மாடு இருந்த இடத்தில் மோட்டார் வந்து உட்கார்ந்தது. கவலை ஓட்டியவர் விடியற்காலை நாலு மணிக்கு எழ வேண்டிய தேவை போயிற்று.

மின்சாரம் வந்ததும் அதன் விலைதான் விவசாயியின் பெரிய பிரச்சினையானது. 1970-ல் விவசாய மின்கட்டணத்தை யூனிட்டுக்கு 8 பைசாவிலிருந்து 10 பைசாவாக உயர்த்தியபோது கொங்கு விவசாயிகள் எழுந்தார்கள். வையம்பாளையம் சி. நாராயணசாமி நாயுடு தலைமை தாங்கினார். அந்த ஆண்டு ஜூன் 19-ஆம் தேதி பெருமாநல்லூரில் நடந்த துப்பாக்கிச் சூட்டில் மூன்று விவசாயிகள் இறந்தார்கள். 1972-ல் மாட்டுவண்டிகளைக் கொண்டுவந்து கோவை நகரச் சாலைகளை அடைத்த போராட்டத்தை நேரில் பார்த்தவர்கள் இதைப் படிப்பவர்களிலும் இருப்பீர்கள். 1984-ல் எம்.ஜி.ஆர். ஆட்சியில் சிறு விவசாயிகளுக்கும், 1989-ல் கலைஞர் மீண்டும் முதல்வரான பிறகு எல்லா விவசாயிகளுக்கும் இலவச மின்சாரம் கிடைத்தது. அது சும்மா வந்ததில்லை என்பதைச் சொல்லத்தான் இதை எழுதினேன்.

கட்டணப் பிரச்சினை தீர்ந்தது, நேரப் பிரச்சினை வந்தது. மோட்டாருக்கு மும்முனை மின்சாரம் வேண்டும். அது முறை வைத்துத்தான் கிடைக்கும். பகலில் ஆறு மணி நேரம், இரவில் மூன்று மணி நேரம் என்பது பல வருடம் நடைமுறையில் இருந்த கணக்கு. முறை மாறும், இடையில் கரண்டு போகும், போனது எப்போது வரும் என்று யாருக்கும் தெரியாது. அதனால் போய்ப் பார்க்க வேண்டும். எங்கள் ஐயன் ராத்திரி மூன்று முறை எழுந்து டார்ச் லைட்டோடு மோட்டார் ரூமுக்குப் போவார். வரப்பெல்லாம் ஈரம், புல்லில் என்ன கிடக்கிறதோ தெரியாது, ஈரக் கையோடு சுவிட்சைத் தொட வேண்டும். எங்கள் பக்கத்துத் தோட்டத்துக்காரர் அப்படிப் போனவர் பாம்பு கடித்துத் திரும்பவே இல்லை. கொங்கு நாட்டில் இதைப் படிக்கும் எத்தனையோ வீடுகளில் இப்படி ஒரு பெயர் இருக்கும்.

அதற்குப் பிறகுதான் ஐயன் ஒரு வேலை செய்தார். மும்முனை வந்தால் மட்டும் எரிகிற மாதிரி ஒரு ஒயரை இழுத்து, சாளைத் தாழ்வாரத்தில் ஒரு குண்டு பல்பைத் தொங்கவிட்டார். படுத்த இடத்திலிருந்தே தெரியும். பல்பு எரிந்தால் எழுவார், எரியாவிட்டால் தூங்குவார். மூன்று நடை ஒரு நடையானது. என் மாணவன் லேப்டாப்பில் எழுதுகிற புரோகிராமுக்கும் இதற்கும் அடிப்படையில் வித்தியாசம் கிடையாது.

தோட்டத்தில் நடந்ததே மில்லிலும் நடந்தது. சோமனூர், பல்லடம் பக்கம் விசைத்தறி ஓட்டியவர்களுக்குத் தெரியும். ஊடை நூல் அறுந்தால் முள் போன்ற ஒரு சின்னக் கருவி அதை உணர்ந்து தறியை நிறுத்திவிடும். பாவு நூல் அறுந்தால் பல சாதாத் தறிகளில் அந்த வசதி இல்லை. நெசவாளி கண் வைத்துக்கொண்டே இருக்க வேண்டும், இல்லாவிட்டால் துணியில் கோடு விழும். ஜப்பானில் சகிச்சி டொயோடா 1924-ல் முழுமைப்படுத்திய தானியங்கித் தறி, எந்த நூல் அறுந்தாலும் தானே நிற்கும். அதனால் ஒரே ஆள் பல தறிகளைக் கவனிக்க முடிந்தது. நின்ற தறியிடம் மட்டும் போனால் போதுமே! அந்தக் குடும்பம்தான் பின்னால் கார் கம்பெனி நடத்தியது.

நூல் மில்லில் ரிங் ஃபிரேம் ஒன்றில் ஆயிரத்துக்கு மேல் கதிர்கள் சுழலும். எதில் நூல் அறுந்திருக்கிறது என்று பார்க்க, சைடு பார்க்கும் பெண்கள் ஷிப்டு முழுக்க நடப்பார்கள். எட்டு மணி நேரத்தில் எத்தனை கிலோமீட்டர் நடந்தோம் என்று அவர்கள் கால்களைத்தான் கேட்க வேண்டும். பிறகு தண்டவாளத்தில் ஓடுகிற மாதிரி ஒரு உணர்கருவி ஃபிரேமின் ஓரமாகப் போய்க் கதிர் கதிராகப் பார்த்தது. அதுவும் பெஞ்சு பெஞ்சாகப் போகிற வாத்தியார்தான், கால் மட்டும் வலிக்காது. இப்போது ஒவ்வொரு கதிருக்கும் தனி உணர்கருவி வந்துவிட்டது. அறுந்த கதிருக்கு நேரே விளக்கு எரிகிறது, விளக்கைப் பார்த்து ஆள் போகிறார்.

மறுபடியும் தோட்டத்துக்கு வருவோம். பல்புக்கு அடுத்து வந்தது ஆட்டோ ஸ்டார்ட்டர். மும்முனை வந்தால் யாரும் போகாமலே மோட்டார் ஓடும். ஐயன் ராத்திரி முழுக்கத் தூங்க ஆரம்பித்தார். ஆனால் அந்தப் பெட்டி இரண்டு பாடங்களை நமக்குச் சொல்லிக்கொடுத்தது.

முதல் பாடம்: கரண்டு வந்ததை மட்டும் தெரிந்துகொண்டால் போதாது. கிணற்றில் தண்ணீர் வற்றிய பிறகும் மோட்டார் ஓடினால் காயில் கருகும். மூன்று முனையில் ஒன்று போனாலும் முனகிக்கொண்டே ஓடிக் கருகும். இரண்டு முறை எங்கள் மோட்டார் அப்படிக் கருகி, காயில் கட்டக் கொடுத்தோம். பிறகு தண்ணீர் இல்லாவிட்டால் மோட்டார் இழுக்கும் கரண்டு குறைவதை வைத்தே அதை நிறுத்தும் கருவி வந்தது. ஒரு முனை போனால் தடுக்கும் கருவியும் வந்தது.

இரண்டாவது பாடம் ஊருக்கே பொதுவானது. ஒரே டிரான்ஸ்ஃபார்மரில் இருபது தோட்டம். கரண்டு வந்த அந்த நொடியில் இருபது ஆட்டோ ஸ்டார்ட்டரும் ஒன்றாகக் கிளம்பும். மோட்டார் புறப்படும்போது, ஓடும்போது இழுப்பதைப் போல ஐந்தாறு மடங்கு கரண்டை இழுக்கும். வோல்டேஜ் படுத்துவிடும், ஃபியூஸ் போய்விடும், இருபது பேருக்கும் தண்ணீர் இல்லை. முன்பு ஆட்கள் நடந்து போனபோது ஒருவர் முன்னே, ஒருவர் பின்னே போனதால் இந்தத் தொல்லை இல்லை. தீர்வும் அதுவேதான்: ஸ்டார்ட்டருக்குள் ஒரு டைமர். ஒருவருக்கு ஒரு நிமிடம், அடுத்தவருக்கு மூன்று நிமிடம். இதை என் மாணவனிடம் சொன்னபோது நிமிர்ந்து உட்கார்ந்தான். "சார், எங்க சர்வர் விழுந்து எழுந்தா ஆயிரக்கணக்கான கருவி ஒரே நேரத்துல வந்து மோதுமுங்க. ஒவ்வொண்ணும் வேற வேற நேரம் காத்திருந்து வர்ற மாதிரித்தான் எழுதறோம்" என்றான்.

1995 ஜூலை 31-ல் இந்தியாவில் செல்போன் சேவை தொடங்கியது. 2003-ல் வரும் அழைப்புக்குக் காசு இல்லை என்றானதும் மிஸ்டு கால் நாட்டின் பொது மொழியானது. அதைக் கிணற்று மேட்டுக்குக் கொண்டுபோனவர்கள் பலர். புனேயைச் சேர்ந்த பொறியாளர் சந்தோஷ் ஓஸ்த்வாலின் 'நானோ கணேஷ்' அதில் பெயர்பெற்றது. அவர் தாத்தாவும் பம்பு செட்டுக்கு நடந்து நடந்து அவதிப்பட்டவர்தானாம். நம் கோவைப் பக்கமும் மொபைல் ஸ்டார்ட்டர் இல்லாத தோட்டம் இன்று குறைவு. சிம் கார்டு போட்ட ஒரு பெட்டி. திருப்பூரில் கல்யாண வீட்டிலிருந்தே மோட்டாரைப் போடலாம், நிறுத்தலாம். கரண்டு வந்தாலும் போனாலும் அதுவே நம்மைக் கூப்பிட்டுச் சொல்லும்.

ஆரம்பத்தில் எங்கள் வீட்டில் இருந்த பெட்டிக்கு ஒரு மிஸ்டு கால் கொடுத்தால் மோட்டார் ஓடும், இன்னொன்று கொடுத்தால் நிற்கும். ஒரு நாள் நான் டவுனிலிருந்து மிஸ்டு கால் கொடுத்தேன். அதே நேரம் தம்பியும் அவன் வீட்டிலிருந்து கொடுத்திருக்கிறான். நான் போட்டேன், அவன் நிறுத்தினான். இரண்டு பேரும் மோட்டார் ஓடுகிறது என்றே நினைத்துக்கொண்டிருந்தோம். பிறகு வந்த பெட்டிகளில் ஓடுவதற்கு ஒரு எண், நிற்பதற்கு வேறொரு எண். 'ஓடு' என்று பத்துத் தடவை சொன்னாலும் ஓடத்தான் செய்யும். தகவல் இரண்டு முறை வந்துசேரலாம் என்று எதிர்பார்த்தே வேலையை அமைக்க வேண்டும் என்பது கம்ப்யூட்டர்காரர்களின் முக்கியமான விதிகளில் ஒன்று. அதை எங்கள் வாழைத் தோட்டம் எங்களுக்கு இலவசமாகச் சொல்லிக்கொடுத்தது.

இதே சிக்கல் உலகத்தில் வேறு இடத்திலும் இருந்தது. ஆள் அரவமற்ற வெளியில் நூற்றுக்கணக்கான மைல் ஓடும் எண்ணெய்க் குழாய்கள். அவற்றின் அழுத்தத்தைச் செயற்கைக்கோள் வழியாகத் தெரிந்துகொள்ள வேண்டும். நிமிடத்துக்கு ஒரு தடவை ஒவ்வொரு கருவியையும் கேட்டால் செலவு கட்டாது. 1999-ல் ஐ.பி.எம்.மின் ஆண்டி ஸ்டான்ஃபோர்டு கிளார்க், ஆர்லன் நிப்பர் என்ற இருவர் எம்.க்யூ.டி.டி. என்ற எளிய தகவல் முறையை உருவாக்கினார்கள். யாரும் யாரையும் நச்சரிக்க வேண்டாம். மாற்றம் இருந்தால் கருவியே நடுவில் இருக்கும் ஒரு தபால் நிலையத்துக்குச் சொல்லும், வேண்டியவர்களுக்கு அது பட்டுவாடா செய்யும். இன்று உலகெங்கும் கோடிக்கணக்கான கருவிகள் பேசுவது இந்த முறையில்தான்.

அந்தத் தகவல்களை வாங்கி வேலை செய்யும் கம்ப்யூட்டர் எந்நேரமும் விழித்திருக்க வேண்டுமா என்ற கேள்வி மிச்சமிருந்தது. 2014-ல் அமேசான் 'லாம்ப்டா' என்ற சேவையைக் கொண்டுவந்தது. தகவல் வரும்போது மட்டும் உங்கள் புரோகிராம் எழும், வேலையை முடிக்கும், அடங்கும். எழுந்திருந்த நேரத்துக்கு மட்டும் கட்டணம், அதுவும் ஒரு நொடியின் சிறு பங்கு என்ற கணக்கில். என் மாணவன் செய்வது இந்த மாதிரி வேலைதான்.

இனி நம் ஊரின் பெரிய உதாரணத்துக்கு வருகிறேன். அத்திக்கடவு-அவினாசித் திட்டம். மூன்று தலைமுறை கேட்ட திட்டம், எத்தனையோ தேர்தலில் வாக்குறுதியாக வந்த திட்டம். 2019-ல் அடிக்கல் நாட்டி, 2024 ஆகஸ்ட் 17-ல் தொடங்கிவைத்தார்கள். காலிங்கராயன் அணைக்கட்டுக்குக் கீழே பவானியின் உபரி நீரை எடுத்து, ஆறு நீரேற்று நிலையங்கள் வழியாக, ஆயிரம் கிலோமீட்டருக்கு மேல் குழாய் பதித்து, ஈரோடு, திருப்பூர், கோவை மாவட்டங்களில் 1,045 குளம் குட்டைகளுக்கு நிரப்புகிறார்கள். வருடத்துக்கு ஒன்றரை டி.எம்.சி. தண்ணீர். 1,045 குளத்துக்கும் ஆள் போட்டு மடை பார்க்க முடியாது. அதனால் குளத்துக்குத் தண்ணீர் வந்து விழும் இடத்தில் சூரியத் தகட்டில் இயங்கும் கருவிப் பெட்டி. எவ்வளவு வந்தது என்ற தகவல் தொலைவில் இருக்கும் கட்டுப்பாட்டு அறைக்குப் போகிறது. ஐயனின் குண்டு பல்பு 1,045 இடத்தில் எரிகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

இதைப் பார்த்துப் பெருமைப்படுகிற அதே நேரத்தில் எனக்கு ஒரு கேள்வி வரும். பல்பு எரியாவிட்டால் அதற்கு என்ன அர்த்தம்? கரண்டு இல்லையா, பல்பு ஃபியூஸ் போய்விட்டதா?

இதற்கு நான் விலை கொடுத்திருக்கிறேன். மூன்று வருடத்துக்கு முன் கோடையில் ஒரு வாரம் மகள் வீட்டுக்குப் போயிருந்தேன். தோட்டத்துப் பெட்டியிலிருந்து கூப்பாடு ஒன்றும் வரவில்லை. தொல்லை இல்லை, எல்லாம் சரியாக ஓடுகிறது என்று நிம்மதியாக இருந்தேன். திரும்பி வந்து பார்த்தால் வாழைக்கன்று நூறுக்கு மேல் வாடித் தலை சாய்ந்து கிடந்தது. முதல் நாளே ஃபியூஸ் போயிருக்கிறது. அதைச் சொல்ல வேண்டிய பெட்டியின் சிம் கார்டுக்கு நான் ரீசார்ஜ் செய்யவில்லை. தப்பு என்னுடையதுதான். கை தூக்காத பையன் கணக்கை முடிக்கவில்லையா, அல்லது அவன் பள்ளிக்கே வரவில்லையா என்று பார்க்காத வாத்தியார் ஆகிவிட்டேன்.

பள்ளிக்கூடத்தில் இதற்குத்தான் காலையில் வருகைப் பதிவு எடுக்கிறோம். ஒன்றும் சொல்வதற்கு இல்லாவிட்டாலும் "உள்ளேன் ஐயா" என்று ஒரு குரல் வர வேண்டும். எம்.க்யூ.டி.டி.யை அமைத்தவர்களும் இதை யோசித்திருக்கிறார்கள். கருவி தொடர்பில் சேரும்போதே ஒரு உயில் எழுதி வைக்கலாம்: 'நான் சொல்லிக்கொள்ளாமல் காணாமல் போனால், இந்தச் செய்தியை எல்லோருக்கும் அறிவித்துவிடுங்கள்' என்று. குறித்த நேரத்துக்குள் அதன் குரல் வராவிட்டால் உயில் வாசிக்கப்படும். 1,045 குளத்துக்கும் இப்படி ஒரு வருகைப் பதிவு முக்கியம். ஒரு பெட்டி மௌனமாக இருந்தால் அங்கே ஒரு ஆள் போய்ப் பார்க்க வேண்டும்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். ஐயன் ராத்திரி மோட்டார் போடப் போகும்போது கிணற்றை எட்டிப் பார்ப்பார். உள்ளே ஒரு பாறைத் திட்டு உண்டு. அது வெளியே தெரிந்தால், "நாளைக்குப் பாதி நேரம்தான் ஓட்டோணும்" என்பார். அந்தப் பார்வை அவர் நடையோடு சேர்ந்து வந்தது. ஆட்டோ ஸ்டார்ட்டர் நடையை மிச்சம் பிடித்தது, பார்வையையும் சேர்த்து எடுத்துக்கொண்டது. கரண்டு இருக்கும் நேரமெல்லாம் மோட்டார் ஓடியது. கிணறு போய் போர்வெல் வந்தது. ஒரு சாண் அகலத் துளைக்குள் யார் எட்டிப் பார்ப்பது? இன்று எங்கள் ஊரில் ஆயிரம் அடி தாண்டிப் போட்டாலும் புகைதான் வருகிறது. எல்லாப் பழியையும் அந்தப் பெட்டி மேல் போட முடியாது. மழையும் பொய்த்தது, பயிரும் மாறியது, கரண்டும் இலவசம். ஆனால் அந்தப் பெட்டி கரண்டைச் சொன்னது, முனையைச் சொன்னது, காயிலைக் காப்பாற்றியது. நீர்மட்டத்தை அது சொல்லவில்லை, ஏனென்றால் சொல்லும்படி நாம் அதைக் கேட்கவே இல்லை.

எதை நிகழ்வு என்று எடுத்துக்கொள்வது, எதைக் கண்டுகொள்ளாமல் விடுவது என்பதை மனிதன்தான் முடிவு செய்கிறான். மோட்டார் விலை உயர்ந்தது, அதனால் அதைக் காக்கக் கருவி செய்தோம். தண்ணீருக்கு விலை இல்லை என்று நினைத்தோம்.

கிளம்பும்போது என் மாணவன், "சார், போர்வெல்லுக்குள்ள நீர்மட்டம் பார்க்கிற சென்சார் இருக்குதுங்க. நம்ம தோட்டத்துல ஒண்ணு போட்டுப் பார்க்கலாமுங்களா?" என்று கேட்டான். போடலாம் என்று சொல்லியிருக்கிறேன். அடுத்த மாதம் வருகிறான். ஐயனின் பாறைத் திட்டுக்கு இணையாக ஒரு அளவை நாங்கள் குறிக்க வேண்டும். அதற்குக் கீழே போனால் என் போனுக்குத் தகவல் வர வேண்டும். தினமும் காலை ஆறு மணிக்கு "உள்ளேன் ஐயா"வும் வர வேண்டும் என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டேன். என்ன ஆனது என்று பிறகு எழுதுகிறேன்.

உங்கள் தோட்டத்தில், மில்லில், தறிக்குடோனில் இப்படி என்னென்ன ஏற்பாடு வைத்திருந்தார்கள் என்று அப்பாரு, அப்புச்சிகளைக் கேட்டு எழுதுங்கள். அவர்கள் இருக்கும்போதே கேட்டுவிடுங்கள்.